பத்தாயிரத்து ஏழு சொன்ன பொய்

பகா எண்களின் ஊருக்குள் யாரும் சுலபமாக நுழைந்துவிட முடியாது. ஊரிலுள்ள வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவர்களுக்குத்தான் அங்கே இடம்.

ஊர் வாசலில் 10,01,60,063 என்ற பெரிய எண் நின்றது. இரண்டு, மூன்று, ஐந்து என வரிசையாக ஆயிரத்து இருநூற்று இருபத்தொன்பது எண்கள் வந்து வகுத்துப் பார்த்தன. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மீதி விழுந்தது. கடைசியாகப் பத்தாயிரத்து ஏழு வந்தது. வந்தவரின் வர்க்கமூலத்தைத் தாண்டிச் சோதிக்கத் தேவையில்லை என்பது ஊர் வழக்கம்.

பத்தாயிரத்து ஏழு மெதுவாக வகுத்தது. மீதி விழவில்லை.

"ஐயா, உங்க கால்ல விழறேன்," என்று பெரிய எண் முனகியது. "வெளியே சொல்லிடாதீங்க. எனக்குப் போக்கிடம் இல்லை."

"தெரிஞ்சா என்னையும் சேர்த்துத் துரத்திடுவாங்க," என்றது பத்தாயிரத்து ஏழு. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "மீதி நாலு!" என்று உரக்கக் கத்தியது.

கதவு திறந்தது. உள்ளே நடக்கும்போது பத்தாயிரத்து ஏழு காதோடு சொன்னது: "என்னை விட்டா உன்னை மீதியில்லாம வகுக்கக்கூடியவர் ஊர்ல இன்னொருத்தர்தான். பத்தாயிரத்து ஒன்பது. உன்மேல கை பட்டாலே கண்டுபிடிச்சிடுவார். கிட்டவே போகாதே."

பெரிய எண்ணுக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். சாமானை இறக்கி வைப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு உள்ளே வந்துவிட்டார்.

"வாங்க, வாங்க! நான்தான் பத்தாயிரத்து ஒன்பது," என்று கட்டித் தழுவ இரண்டு கைகளையும் விரித்தார்.

பெரிய எண் பின்னால் நகர்ந்தது. முதுகில் சுவர் இடித்தது.