தாழிக்குள் படகோட்டி

“இன்னும் ரெண்டு அத்திப்பழத்தை வாயில திணி மாப்பிள்ளே. சத்தம் வெளியே வரக் கூடாது” என்றார் ஊர்த் தலைவர் பாபியாஸ்.

அவருடைய மைத்துனன் ஆத்தேஸ் திணித்தான். ஆளுயர எண்ணெய்த் தாழிக்குள் குந்தியிருந்த படகோட்டி மானேஸ் அதை மென்று விழுங்கிவிட்டு, “நான் என்ன கொலையா பண்ணேன் தலைவரே?” என்றான்.

“கொலை பண்ணியிருந்தாக்கூட விட்டுடுவேன்டா. உன் நாக்கு பண்றதுதான் தாங்கல.”

ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊருக்கு ஆதியிலிருந்தே கெர்வாசா என்றுதான் பெயர். பக்கத்து ஊர்க்காரர்கள் எப்போதோ செத்துப்போன ஒரு சக்கரவர்த்தியின் பெயரைத் தங்கள் ஊருக்கு வைத்துக்கொண்டு, அந்த மரியாதையில் தேர்ப் பந்தயம் நடக்கும்போதெல்லாம் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். பாபியாஸுக்கு அது பொறுக்கவில்லை. உயிரோடு இருக்கிற சக்கரவர்த்தியின் பெயரையே வைத்துவிட்டார். கெர்வாசா நீரோனியா ஆயிற்று. நுழைவு வளைவில் பொன் எழுத்து, அதற்கு மேல் நீரோவின் கல் தலை.

இப்போது ஊர்ப் பெயர் விஷயமாக ரோமாபுரியிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் சேதி.

“பேர் நெஜமாவே புழக்கத்துல இருக்கான்னு சோதிக்க வர்றாரு. தேறிட்டோம்னா வரி தள்ளுபடி. தேறலைன்னா என் பதவி போச்சு” என்றார் பாபியாஸ்.

ஒரு மாதமாக ஊருக்கே பயிற்சி. பழைய பெயரைச் சொன்னவன் பொதுக் குளியல் கூடத்துக்கு விறகு சுமக்க வேண்டும். அந்த மாதம் வெந்நீருக்குப் பஞ்சமே இல்லை. போகப் போக, குடித்துவிட்டுக் கீழே விழுகிறவன்கூட “நீரோனியா” என்றுதான் விழுந்தான்.

மானேஸ் ஒருவன்தான் தேறவில்லை. படகு கரையில் முட்டினால் போதும், “கெர்வாசா வந்தாச்சு! இறங்கு, இறங்கு!” என்று அவன் நாக்கு தானாகவே கத்தும். தூக்கத்தில் கட்டில் சுவரில் முட்டினாலும் கத்துவான். அவன் மனைவி ஒருமுறை அரைத் தூக்கத்தில் இறங்கியே போய்விட்டாள். வெளியூருக்கு அனுப்பலாமென்றால் வழியெல்லாம் கத்திக்கொண்டு போவான். அதனால்தான் படித்துறைக் கிடங்கில் இந்தத் தாழி ஏற்பாடு.

ஆத்தேஸே துடுப்புப் போட்டு, ஆற்றில் மூன்று வட்டம் அடித்து, அதிகாரியைக் கொண்டுவந்து சேர்த்தான். படகு முட்டியது. தாழிக்குள்ளிருந்து “ம்ம்ம்” என்று மட்டும் கேட்டது. பாபியாஸ் இருமிச் சமாளித்தார்.

அதிகாரியின் பெயர் கால்வுஸ். சிரிக்காத முகம். கூடவே ஒரு சிப்பாயும், ஏணி, சுத்தி, உளி சகிதம் இரண்டு கல்தச்சர்களும் இறங்கினார்கள்.

“கல்தச்சன் எதுக்கு மச்சான்?” என்று கிசுகிசுத்தான் ஆத்தேஸ்.

“வளைவுல எழுத்து சின்னதா இருக்குல்ல? பெருசா வெட்டித் தரப் போறாங்க. நீ போய் அவங்க மூட்டை முடிச்சைக் கொண்டா.”

கால்வுஸ் முதலில் ரொட்டிக்காரனைக் கூப்பிட்டார். “இது எந்த ஊருய்யா?”

“நீரோனியாங்க!”

“அந்தப் பக்கம் போய் நில்லு.”

நாவிதன் சொன்னான். அவனும் நின்றான். மீன்காரி சொன்னாள். அவளும் நின்றாள். சிப்பாய் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டே இருந்தான். வரிசை குளியல் கூடம் வரை நீண்டது.

பரிசு வரிசையில் ரொட்டிக்காரன் முதலாவதாக நிற்பதைப் பாபியாஸால் சகிக்க முடியவில்லை. அவனைத் தள்ளிவிட்டு முன்னால் போய் நின்றார். “நீரோனியா! நீரோனியா! ஐயா, என் கடைசிப் பையனுக்கே நீரோன்னுதான் பேரு வெச்சிருக்கேன்!”

கால்வுஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களை மறக்கவே மாட்டேன்” என்றார். பாபியாஸுக்குப் புல்லரித்தது.

அந்த நேரம் பார்த்து மூட்டை முடிச்சோடு ஆத்தேஸின் படகு கரையில் டம்மென்று முட்டியது. தாழிக்குள் அத்திப்பழம் தீர்ந்திருந்தது.

“கெர்வாசா வந்தாச்சு! இறங்கு, இறங்கு!”

தாழிக்குள்ளிருந்து வந்ததால் குரல் கோயில் மணிபோல் ஊரெங்கும் எதிரொலித்தது. பாபியாஸ் தடாலென்று மண்டியிட்டார். “ஐயா, அவன் பைத்தியம்! எங்க ஊர்க்காரனே இல்லீங்க!”

கால்வுஸ் கிடங்குக்குள் போய்த் தாழியின் மூடியைத் தானே திறந்தார். கை கொடுத்து மானேஸைத் தூக்கிவிட்டு, அவன் மீசையில் ஒட்டியிருந்த அத்திப்பழத்தைத் துடைத்து, தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார்.

“ஊர் ஊரா அலையறேன். ஒழுங்கா ஊர்ப் பேரைச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்யா” என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்குள் கல்தச்சர்கள் ஏணி மேல் ஏறியிருந்தார்கள். நீரோவின் மூக்கு முதலில் விழுந்தது. பிறகு பொன் எழுத்து ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது.

பாபியாஸ் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். “ஐயா... அப்போ இந்த வரிசை?”

“நீரோ செத்து ரெண்டு மாசமாச்சு. நாட்டுக்கே எதிரின்னு சபையில தீர்மானம் போட்டாச்சு. இன்னும் அவன் பேரைப் பிடிச்சுத் தொங்குறவங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொல்லி உத்தரவு.”

பாபியாஸ் மண்டியிட்டபடியே மெல்ல நாற்காலிப் பக்கம் நகர்ந்தார்.

“மானேஸ் அண்ணே, அந்தத் தாழி இப்ப காலிதானே?”