ஒற்றைக் கண் சாமி

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முன் ஷோகேஸைத் துடைத்த மங்கையர்க்கரசிக்குப் பகீரென்றது. மகள் கீர்த்திகா ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த ஜப்பானிய அதிர்ஷ்ட சாமிகளில், சிவப்பாய் உருண்டையாய் இருந்த ஒன்றுக்கு ஒரு கண்தான் வரைந்திருந்தது.

“நல்ல காரியம் பேசற வீட்டுல ஒத்தைக் கண்ணுச் சாமியா?”

கண்மையை விரலில் தொட்டு, மறு கண்ணையும் அவளே திறந்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் குரும்பகரத்திலிருந்து வந்து இறங்கினார்கள். பையனுக்கு ஜப்பானில் வேலை. கேசரித் தட்டும் கையுமாக நேரே ஷோகேஸ் முன்னால் போய் நின்றான்.

“அட, தாருமா பொம்மை! ஒரு கண்ணை வரைஞ்சு வேண்டிக்குவாங்க. நடந்தாத்தான் மறு கண்ணை வரைவாங்க. இதுல ரெண்டும் இருக்கே, வேண்டுனது நடந்துடுச்சாங்க?”

கீர்த்திகா பொம்மையைப் பார்த்தாள். அம்மாவின் விரலில் ஒட்டியிருந்த மையையும் பார்த்தாள்.

“நடந்துடுச்சு தம்பி. அதான் நீங்களே வந்துட்டீங்களே!” என்றாள் மங்கையர்க்கரசி, வாயெல்லாம் பல்லாக.

பையனின் அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. “அப்படி என்னம்மா வேண்டிக்கிட்ட? உன் வாயாலயே சொல்லேன்.”

மறு கண்ணை அம்மாவே திறந்துவிட்ட பிறகு கீர்த்திகாவுக்கு இனி என்ன பயம்?

“இந்தச் சம்பந்தம் தட்டிப் போகணும்னு வேண்டிக்கிட்டேங்க.”

கேசரித் தட்டுகள் ஒவ்வொன்றாக டீப்பாய்க்குத் திரும்பின. பையனின் அப்பா செருப்பைத் தேடினார்.

வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே பையன் மங்கையர்க்கரசியிடம் சொன்னான்: “அப்போ ரெண்டு கண்ணும் இருக்கறது சரிதாங்க.”