பெயரின் மறுபாதி

கோல் விழுந்ததும் அவர் கை தானாக மைக்கின் பொத்தானுக்குப் போனது.

"கோல்! தாஷ்பெலென் ஸ்போர்! பன்னிரண்டாம் எண்... ஷாபான்!"

சொல்லிவிட்டு நிறுத்தினார்.

நிறுத்தத்தான் வேண்டும். துருக்கி மைதானங்களில் அதுதான் பழக்கம். கோல் போட்டவனின் பெயரை அறிவிப்பாளர் சொல்லுவார். குடும்பப் பெயரைக் கூட்டம் சொல்லும். இவர் மூன்று முறை அழைக்க, மூன்று முறையும் ஊர் முடித்து வைக்கும்.

ஊர் வரவில்லை.

அனுமதி இலவசம் என்று சந்தைச் சுவரெல்லாம் ஒட்டியும் வரவில்லை. மேற்குப் படிகளில் இரண்டு போலீஸ்காரர்கள் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வண்டிக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தார். அதைக் கூட்டம் என்று சொன்னால் கூட்டம்.

எண்பத்தோராவது நிமிடம். ஐந்துக்கு ஒன்று. ஐந்து எதிரணியுடையது.

இன்னும் ஒன்பது நிமிடத்தில் தாஷ்பெலென் ஸ்போர் சங்கத்தின் தொழில்முறைக் காலம் முடிகிறது. அடுத்த பருவத்தில் அமெச்சூர் லீக். அங்கே மைக் கிடையாது.

அவரும் கிடையாது.

அடித்துக்கொண்டது போதும் என்று மூன்று பேட்டைச் சங்கங்கள் ஒன்றானபோது பிறந்த சங்கம் இது. ஒரு பேட்டையும் தன் நிறத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் சட்டையில் மூன்று நிறம், பார்த்தால் கண் கூசும். அந்தச் சட்டையோடு ஒரே ஒரு வருடம் முதல் லீக்கிலும் ஆடினார்கள். பனி கொட்டிய ஒரு மதியம், இஸ்தான்புல்லின் பெரிய அணி ஒன்று இங்கே வந்து தோற்றுவிட்டுப் போனது. அன்று இவர் ஒரு பெயரைச் சொன்னார். ஒன்பதாயிரம் தொண்டைகள் மீதியைச் சொல்லின. இந்த அறிவிப்பு அறையின் கண்ணாடி அதிர்ந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லக் குரல் எழும்பவில்லை.

இப்போது குரலுக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில்தான் ஆள் இல்லை.

"ஷாபான்!"

இரண்டாம் முறை.

போலீஸ்காரர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். தோலைத் துப்பிவிட்டு அடுத்த விதையை எடுத்தார்.

சரி, மூன்றாம் முறை நாமே முடித்துவிடலாம், இதில் என்ன வெட்கம் என்று வாயைத் திறந்தார்.

வரவில்லை.

ஷாபானின் குடும்பப் பெயர் அவருக்குத் தெரியவில்லை.

எதிரே கிடந்த தாளைப் பார்த்தார். பதினொரு பெயர்கள், எல்லாம் முன்பெயர்கள். இருபத்தாறு ஆண்டுகளாக அப்படித்தான் எழுதுகிறார். மீதிதான் கூட்டத்துக்குத் தெரியுமே. அந்தப் பதினொன்றிலும் ஷாபான் இல்லை. பெஞ்சில் இருப்பவனின் பெயரை யார் மைக்கில் சொல்கிறார்கள்?

ஷாபான் மாற்று கோல்கீப்பர். ஒன்பது ஆண்டுகளாக மாற்றுதான். முதல் கோல்கீப்பருக்கு இந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. புது ஆட்டக்காரர்களை எடுக்கச் சங்கத்துக்குத் தடை. இருந்தவர்களில் இரண்டு பேர் இன்று கால் சுளுக்கி விழ, முப்பத்துநான்கு வயது ஷாபானை முன்வரிசை ஆட்டக்காரனாக இறக்கினார்கள். முதுகில் பன்னிரண்டு என்று பசைநாடாவால் ஒட்டி அனுப்பினார்கள். பெயர் ஒட்ட நேரமில்லை. யாரோ அடித்த பந்து அவன் முழங்காலில் பட்டு உள்ளே போனது.

ஒன்பது ஆண்டுகளாக ஆட்டத்துக்கு முன் இருவரும் ஒன்றாகத் தேநீர் குடிக்கிறார்கள். மூன்று கட்டி சர்க்கரை போட்டுக்கொள்வான். மூத்த மகளுக்குக் கணக்கு வராது. மாமியாரோடு சண்டை. எல்லாம் தெரியும். இது மட்டும் தெரியாது. அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

கீழே மற்றவர்கள் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஷாபான் மட்டும் நடுவட்டத்தில் நின்று இந்த அறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பில் கை. மூச்சு வாங்கியது. மூன்றாவதுக்காக நிற்கிறான். நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

அவர் பொத்தானை அழுத்தினார்.

"ஷாபான்... நீ யார் வீட்டுப் பிள்ளைப்பா?"

நான்கு ஒலிபெருக்கிகளும் காலி நாற்காலிகளைப் பார்த்து அதைக் கேட்டன.

ஷாபான் சிரித்தான். கைகளை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான்.

"பல்தஜி!"

பல்தஜி. தலையை ஆட்டிக்கொண்டார்.

"ஷாபான்!" என்றார் மூன்றாம் முறையாக. மைக்கை அணைத்தார். மறுபாதி மைக்கிலிருந்து வருவதில்லை. ஜன்னலை முழுவதும் தள்ளித் திறந்து, மார்பு வரை வெளியே சாய்ந்து, ஒன்பதாயிரம் பேர் சொன்ன இடத்தில் தனியாகக் கத்தினார்.

"பல்தஜி!"

குரல் பிசிறியது. அவர் இதுவரை மைக் இல்லாமல் கத்தியதே இல்லை.

ஷாபான் இரண்டு கைகளையும் உயர்த்தி, நான்கு பக்கப் படிகளுக்கும் வணக்கம் வைத்தான். பிறகு பின்னோக்கி நடந்துகொண்டே மேலே பார்த்துக் கேட்டான்.

"ஆபி! உங்க குடும்பப் பேரு?"

ஆபி, அதாவது அண்ணா என்றுதான் ஒன்பது ஆண்டுகளாக அழைக்கிறான். அதற்குமேல் அவனுக்கும் தேவைப்பட்டதில்லை. இந்த மைதானத்தில் வேறு யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

அவர் சொன்னார்.

காற்று எதிர்த்திசையில் அடித்தது. ஷாபானுக்குக் கேட்கவில்லை.

விசில் ஊதியது. பந்து உருண்டது. மற்றவர்கள் அதன் பின்னால் ஓடினார்கள். ஷாபான் மட்டும் இருந்த இடத்திலேயே, காதருகே கையை வைத்துக்கொண்டு நின்றான்.

ஆட்டம் நடக்கும்போது அறிவிப்பாளர் மைக்கைத் தொடக் கூடாது. இருபத்தாறு ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

பொத்தானை அழுத்தினார்.