நாத்தனார் முடிச்சு

தாலித் தட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டது.

மண்டபம் முழுக்கச் சுற்றி, எல்லார் கையும் பட்டு, ஆசி வாங்கிக்கொண்டு அது மறுபடி மேடைக்கு வரும். அதற்குள் அவள் மேலே போய்ச் சேர வேண்டும்.

அவள் மேடைக்கு ஏறும் சாய்வுப் பலகையின் கீழ்முனையில், சக்கர நாற்காலியில் இருந்தாள்.

பலகை முழுக்க ஆட்கள்.

பக்கத்திலேயே படிக்கட்டு சும்மா கிடந்தது. அதை யாரும் சீந்தவில்லை. முழங்கால் வலிக்காரர்கள், புடவை தடுக்குகிறவர்கள், சீர்த்தட்டு தூக்கியவர்கள் என்று எல்லோருக்கும் பலகைதான் சௌகரியமாக இருந்தது. பலகை போட்டால் மேடையின் அழகே போய்விடும் என்று குதித்த பெரியப்பாவும் அதில்தான் ஆடி அசைந்து ஏறினார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்க நேரமில்லை.

தம்பியின் நிச்சயதார்த்தத்தன்று அவர்தான் பேச்சை எடுத்தார்.

"மூணாவது முடிச்ச சித்தப்பா மக போடட்டும். பூங்கோதை கீழ உக்காந்து பாக்கட்டும். முகூர்த்த நேரத்துல இவளத் தூக்கிட்டு ஏற முடியுமா?"

தப்பாக எதுவும் சொல்லிவிட்டதாக அவருக்குத் தோன்றவில்லை. சபையும் தலையாட்டியது. கல்யாணமாகாதவள், கால் வராதவள் என்பதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. அவளுக்கும்.

தம்பி எழுந்தான். அவனுக்கு முன்னால் அவள் பேசிவிட்டாள்.

"யாரும் தூக்க வேணாம். நானே ஏறி வர்றேன்."

சொந்தத்தில் எத்தனையோ கல்யாணம். அவள் போனதே இல்லை. போனால் தூக்குவார்கள். நாலு பேர் ஓடி வந்து, அக்குளில் கை கொடுத்து, புடவை எங்கே விலகுகிறது என்று பார்க்காமல், மூட்டையை இறக்குவது போல இறக்குவார்கள். தூக்குகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் பெரிய தொல்லை. திட்டவும் முடியாது.

மறுநாள் விடிந்ததும் ஏறிப் பழக ரயில்வே பாலத்து ஏற்றத்துக்குப் போனாள்.

பாதியில் கை வழுக்கி, வந்த வழியே உருண்டு, ஓர் இளநீர் வண்டியில் போய் முட்டினாள். இளநீர்க்காரர் வாய்க்கு வந்தபடி வைதார். அடுத்த நாள் தன் வண்டியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். கல்யாணம் நெருங்கும்போது அவள் பாலத்து உச்சியில் நின்று அவருக்குக் கையசைத்தாள்.

பலகையைத் தம்பி பார்த்துக்கொண்டான். கட்டடங்களுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலை அவனுக்கு. கூட்டாளிகளோடு வந்து அடித்துப் போட்டு, மேலே சிவப்புக் கம்பளமும் விரித்துவிட்டான்.

இப்போது தாலித் தட்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டது.

"கொஞ்சம் வழி விடுங்க."

அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. பலகை காலியானது.

ஏறத் தொடங்கினாள்.

ஒரு தள்ளு. ஒரு பிடி. மறுபடி ஒரு தள்ளு.

பாலத்தில் கம்பளம் கிடையாது. இங்கே இருந்தது. பாதிக்கு மேல் அது சுருண்டு சக்கரத்துக்கு அடியில் மடிந்தது. நாற்காலி நின்றது.

மண்டபம் "ஐயோ" என்றது. கீழே இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். பின்னால் யாரோ கைப்பிடியைப் பற்றினார்கள்.

"கைய எடுங்க."

எடுத்துவிட்டார்கள்.

அதற்குள் தட்டைச் சுற்றிக் கொண்டுவந்த அத்தை படி வழியாக ஏறிப் போனாள். ஐயர் தாலியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். நேரமாகிறது என்று கண்ணைக் காட்டினார்.

தம்பி தாலியை வாங்கி வைத்துக்கொண்டான். கட்டவில்லை. அவளைத் தூக்க எழுந்து ஓடியும் வரவில்லை.

"அக்கா வரட்டும் சாமி" என்றான்.

இந்த உலகத்தில் அவளுக்கு அவனை மட்டும் ஏன் அவ்வளவு பிடிக்கும் என்றால், இதற்காகத்தான்.

நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் விட்டாள். கீழே நின்ற பெண்கள் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். சக்கரம் மடிப்பை விட்டு விலகியது. மூச்சைப் பிடித்தாள். ரவிக்கை நனைந்து, தலைப்பூ காதில் தொங்க, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே தள்ளு.

மடிப்பைத் தாண்டியது.

அப்புறம் மேடை.

யாரும் கைதட்டவில்லை. அதற்குள் ஐயர் கையை உயர்த்திவிட்டார். கெட்டிமேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அட்சதை மழையாக விழுந்தது. தம்பி ஒரு முடிச்சுப் போட்டான். இரண்டாவது முடிச்சும் போட்டான். கயிற்றின் இரண்டு நுனியையும் அவள் கையில் கொடுத்தான்.

மணப்பெண் ஜடையை ஒதுக்கிக்கொண்டு கழுத்தைக் கொடுத்தாள். மணையில் இருந்தவளின் கழுத்து, நாற்காலியில் இருந்தவளின் கைக்குச் சரியாக எட்டியது.

மஞ்சள் கயிறு ஈரமாக இருந்தது. அவள் விரலெல்லாம் காய்ப்பு. இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்தாள்.

கடைசி முடிச்சு விழும்வரை மேளம் நிற்கக் கூடாது. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தவில்காரருக்கு வியர்த்து ஊற்றியது. பெரியப்பா கையிலிருந்த அட்சதையை எப்போதோ போட்டுவிட்டு, வெறுங்கையைத் தூக்கியபடியே நின்றார். மண்டபமே எழுந்து நின்று அவள் கையைப் பார்த்தது.

"அண்ணி, போட்டாச்சா?" மணப்பெண் குனிந்தபடியே கேட்டாள்.

"இரும்மா. இன்னும் கொஞ்சம்."

முடிச்சு எப்போதோ விழுந்துவிட்டது.

அவள் கையை எடுக்கவில்லை.