எல்லாம் கேட்டுச்சு

இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. என் வாயில் மிச்சமிருக்கும் பதினொரு பற்கள் மேல் சத்தியம். சந்தேகமிருந்தால் பல் டாக்டரான என் மாப்பிள்ளையைக் கேளுங்கள். எண்ணிக்கை அவரிடம் இருக்கிறது.

நானும் மகனும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதையே இல்லாத இடமாகப் பார்த்து நாலு சக்கர பைக் ஓட்டுகிறவர்கள். ஆளுக்கொரு வண்டி. மலைச்சரிவில் செல்போன் எடுக்காது என்பதால் ஆளுக்கொரு வாக்கிடாக்கி வாங்கப் போனோம். எது நல்லது என்று முடிவு செய்யும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். அடிக்கடி காணாமல் போகிறவன் நான்தானே.

கடைக்காரர் மூன்று வகையை மேசைமேல் பரப்பினார்.

"இது குரல் கேட்டாலே தானா வேலை செய்யும் சார். பட்டனே அமுக்க வேணாம்."

"இன்ஜின் சத்தம் கேட்டா?"

"அதுக்கும் செய்யும்."

"அப்ப மூணு பேரும் நாள் பூரா இன்ஜினைத்தான் கேட்டுக்கிட்டிருக்கணும். அடுத்ததைக் காட்டுங்க."

அடுத்தது பொம்மை மாதிரி இருந்தது. நடுவில் ஒரு மேடு வந்தாலே வாயை மூடிக்கொள்ளுமாம். மூன்றாவதைக் கையில் வாங்கினேன். செங்கல் மாதிரி கனத்தது.

"கனமெல்லாம் பேட்டரிதான் சார், மத்தபடி வெறும் கூடு. மழை, சேறு எதுவும் உள்ள போகாது. உறை போட்ட கையாலயே அமுக்கலாம், பட்டன் பெருசு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஒருத்தர் பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தா மத்தவங்க பேச முடியாது. கேக்க மட்டும்தான் முடியும்."

"எனக்குப் பழக்கம்தான், நாப்பது வருஷமா" என்றேன். மாப்பிள்ளை சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டு, சுவரைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கிளப்பும்போதே ஆச்சரியப்பட்டேன். கடையில் அப்படிக் கனத்த செட், சட்டைப் பையில் இருப்பதே தெரியவில்லை. நல்ல பொருள் கைக்குப் பழகிவிட்டால் அப்படித்தான்.

இரண்டாவது மேட்டில் இளசுகள் இருவரும் முந்திப் போய்விட்டார்கள். பிரேக்கை மிதி என்று காலுக்குச் சொன்னேன்; முட்டி கொஞ்சம் யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் வண்டி ஓடைப் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது. இடது கால் பூட்ஸ் வண்டிக்கும் பாறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. எலும்பு தப்பியது, கால் வரவில்லை.

செட்டை எடுத்தேன். பட்டனைத் தொடுவதற்குள் மாப்பிள்ளையின் குரல் வந்தது. மனிதர் தன் செட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார், பட்டன் அமுங்கியே கிடக்கிறது. அங்கே பிளாஸ்க் மூடி திறக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மச்சான், மாமாவை இனிமே வண்டியில ஏத்தக் கூடாது. நீயே சொல்லிடு."

"நானா? அவர் மூஞ்சியைப் பாத்தா எனக்கு வார்த்தை வராது அத்தான். நீங்க சொல்லுங்க."

"மயக்க ஊசி போடாம நான் யாருக்கும் வலிக்கிற சேதி சொன்னதில்லப்பா."

"அப்ப சாவி தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாம். தையல் மெஷின் டிராயர்ல போட்டு வெக்கிறேன்னு அம்மா ஒத்துக்கிட்டாங்க."

அவளுமா! "டேய், நான் இங்க கெடக்கேன்டா!" என்று பட்டனை அமுக்கி அமுக்கிக் கத்தினேன். பள்ளம் மட்டும் எனக்குப் பதில் சொன்னது.

"பாவம் அத்தான். வாரம் பூரா அந்த பூட்ஸைத் துடைச்சுத் துடைச்சு வெச்சுக்கிட்டு, ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு உக்காந்திருக்காரு."

மாட்டிக்கொண்டிருந்த பூட்ஸைப் பார்த்தேன். சனிக்கிழமை போட்ட பாலிஷ் இன்னும் மின்னியது. ஊமை கண்ட கனவு மாதிரி, எல்லாம் தெரிந்தும் ஒன்றும் சொல்ல முடியாமல் முக்கால் மணி நேரம் கிடந்தேன். எறும்பு வரிசை ஒன்று என் கையை மேம்பாலமாக வைத்துக்கொண்டது.

கடைசியில் தேடிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியைத் தூக்கினார்கள். கால் வெளியே வந்தது.

"செட்டுல ஒரு குரல் குடுத்திருக்கலாம்லப்பா?" என்றான் மகன், மூச்சு வாங்க.

"குரல் குடுக்க எங்க விட்டீங்க?" என்றேன். "எல்லாம் கேட்டுச்சு."

இரண்டு முகத்திலும் ஈயாடவில்லை.

"சாவியை ஒளிக்கிற யோசனை மச்சானோடது மாமா!"

"தையல் மெஷின் டிராயர் அம்மா சொன்னதுப்பா! நீங்க மயக்க ஊசின்னு சொல்லல அத்தான்?"

அதற்குமேல் நான் வாயே திறக்கவில்லை. பூட்ஸ் விஷயம் வரைக்கும் ஒன்றுவிடாமல் அவர்களே ஒப்பித்தார்கள். முடித்ததும் மகன் என் வண்டிப் பக்கம் திரும்பினான். வண்டிச் சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும்பா. பிரேக்கைக் கையால பிடிக்கிற மாதிரி மாத்திடலாம்."

வீட்டுக்கு வந்ததும் அவன் நேராக அம்மாவிடம் போய், "அம்மா, அப்பா செட்டுல எல்லாத்தையும் கேட்டுட்டாரு" என்று சரணடைந்துவிட்டு, வண்டி கழுவப் போனான். அவள் சுடுதண்ணீர் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க செட்டுப் பேட்டரி காலையிலேர்ந்து சார்ஜர்லயேதான் இருக்குங்க."