கட்டுக்கு அடியில்

“என்னையே ஆராய்ச்சி பண்ணியிருக்கா சார், இந்தப் பொண்ணு!”

கணக்கு மிஸ் வீசிய ப்ராஜெக்ட், பிசிக்ஸ் சாரின் டீ டம்ளரை உரசிக்கொண்டு நின்றது.

பள்ளி விட்டாகிவிட்டது. ஆசிரியர் அறையில் இவர்கள் இருவர்தான். கணக்கு ஆய்வு ப்ராஜெக்டுகளின் மார்க்கை இன்றைக்குள் ஏற்றியாக வேண்டும். ப்ராஜெக்ட் கட்டுக்குள் இதுதான் கடைசி. மிஸ்ஸுக்குக் கண் எரிந்தது, கழுத்து கழன்றுவிடும் போலிருந்தது.

சார் புரட்டினார்.

திருத்தியதும் ஓரத்தில் சிவப்பு மையில் வரிசை எண் போடுவது மிஸ்ஸின் பழக்கம். போன வருஷத்து அண்ணன் அக்காக்களிடம் பழைய ப்ராஜெக்டுகளை வாங்கி, அந்த எண்ணையும் மார்க்கையும் வைத்து வரைபடம் போட்டிருந்தாள் வகுப்பு லீடர். ஓயாமல் கேள்வி கேட்பதால் அவளுக்கு ‘கேள்விக்குறி’ என்று பட்டப்பெயர்.

முடிவு இதுதான்: கட்டின் மேலே இருந்தால் மார்க் தாராளம். கீழே போகப் போக மிஸ்ஸின் கை இறுகுகிறது.

“நீங்கதானே சொந்தமா ஏதாவது கண்டுபிடிங்கன்னு சொன்னீங்க?”

“என்னையா கண்டுபிடிக்கச் சொன்னேன்?”

“கணக்குல தப்பு இருக்கா?”

“தேடு தேடுன்னு தேடிட்டேன். இல்ல. அதான் எரிச்சலே.”

“எவ்வளவு போட்டீங்க?”

“இருபதுக்கு ஒன்பது.”

“பத்து வந்தாத்தானே பாஸு?”

“ஃபெயிலாகட்டும். இந்த வருஷம் கடைசி பெஞ்சுப் பசங்களே பாஸாயிட்டாங்க, தெரியுமா? முதல்ல எடுத்த நாலும் அவங்களோடதுதான். சொல்லிக் குடுத்தது வீண் போகல.” மிஸ்ஸின் குரலில் சோர்வையும் மீறிக் கொஞ்சம் பெருமை. “இவளுக்குத்தான் திமிரு. எல்லார்கிட்டயும் வாங்கி அடுக்கினது இவதான். தன்னோடதை அடியில செருகியிருக்கா. நான் குறைச்சுப் போட்டா, ‘பாத்தீங்களா’ன்னு கேக்கறதுக்கு.”

“கேட்டுட்டு முடிவு பண்ணுங்களேன். வராந்தாவுலதான் பஸ்ஸுக்கு நிக்கறா.”

கூப்பிட்டதும் வந்தாள்.

“என்னம்மா, எனக்கே பொறி வைக்கிறியா? உன்னோடதை வேணும்னுதானே அடியில வச்ச?”

“வேணும்னுதான் மிஸ்.”

“கேட்டீங்களா சார்!”

“பொறியெல்லாம் இல்ல மிஸ்.” அவள் தலை குனிந்துகொண்டாள். “மேல வச்சா மார்க் கூட விழும்னு தெரிஞ்சு போச்சு. அப்புறம் எப்பவும் போல அடுக்க மனசு வரல. பாஸாகறதே கஷ்டம்னு இருக்கறவங்களை மேல வச்சுட்டேன்.”

மிஸ் அந்த நாலு ப்ராஜெக்டுகளையும் திரும்ப எடுத்துப் பார்த்தார். தாராளமாகத்தான் போட்டிருந்தார். சற்றுமுன் இருந்த பெருமை போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

“சரி, உன்னோடதை நடுவுலயாவது வச்சிருக்கலாமே?” குரல் இறங்கியிருந்தது.

“வச்சிருக்கலாம் மிஸ். ஆனா, கட்டுன்னு இருந்தா யாராவது ஒருத்தர் அடியில இருந்துதானே ஆகணும்?”