கதவு வரை வந்த பக்கம்

இந்த அரபு நாட்டு மியூசியத்தின் கூரையை நாங்கள்தான் போட்டோம். போடும்போது சாரத்திலிருந்து சூசைராஜ் விழுந்து செத்தான். அவனுடைய செருப்பும் சாப்பாட்டு டப்பாவும் அட்டை கிழிந்த நாவலும் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் கலைப்பொருளாக இருக்கின்றன. அந்தக் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை.

கப்பலேறி வெளிநாடு போனவன் ஒருவனின் கதை அந்த நாவல். வெள்ளிக்கிழமை லீவில் சூசை எங்கள் தொழிலாளர் கேம்பில் உரக்கப் படிப்பான். “பொண்டாட்டி அவனுக்காகக் காத்திருந்தாளா?” என்று கேட்டால் சொல்லமாட்டான். “நாப்பது வயசாச்சு, எழுத்துக் கூட்டி நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கடா” என்பான். சிமெண்ட் பையில் பாதி எழுத்தை அவன் எழுதிக் காட்டினான். மீதியை அவன் போன பிறகு கற்றுக்கொண்டேன்.

தமிழ் தெரியாதவர்கள், பெட்டியில் புத்தகத்தை விரித்துத் தலைகீழாக வைத்திருந்தார்கள். மறுபக்கம் நின்று, துடைக்கிற சாக்கில் மூன்று வாரம் படித்தேன். பதினோரு வருடம் கழித்து, கப்பலேறிப் போனவன் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். ‘கதவைத் திறந்தது’ என்பதோடு பக்கம் முடிகிறது. நான் ஊரை விட்டு வந்தும் பதினோரு வருடம்.

சூப்பர்வைசர் டேவிட்சன் நாகர்கோவில்காரர். “சார், ஒரே ஒரு பக்கம் புரட்டச் சொல்லுங்க சார்” என்றேன்.

அவர் சிரித்தார். “எங்க வே புரட்ட? ஏசிக் காத்துல பறக்கும்னு எல்லாத் தாளையும் பசை போட்டு ஒட்டியாச்சு. கண்ணாடியில உம்ம மூச்சு படிஞ்சிருக்கு பாரும், தொடையும்.”

துடைத்தேன். ‘கதவைத் திறந்தது’ பளிச்சென்று தெரிந்தது.